பாட்டி காத்த ஒரு மில்லிமீட்டர்

சென்ற பருவ விடுமுறைக்கு மாசாய் வீட்டுக்கு வந்திருந்தபோது, பாட்டி வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு நடமாடுவதைக் கவனித்தேன். ஜொகூர் புழுக்கத்தில் யாரும் வீட்டில் காலுறை போடுவதில்லை. கேட்டதற்கு, "கால் சில்லுன்னு இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் துணி துவைக்கப் போட்டபோது ஒரு காலுறையின் அடியில் பழுப்பு நிறத்தில் கறை இருந்தது. அன்று மாலை அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் பெருவிரலுக்குக் கீழே, ஐம்பது சென் காசு அளவில் ஒரு புண். அதைச் சுற்றித் தோல் வெள்ளையாக, கெட்டியாகத் தடித்திருந்தது.

"எப்பப் பாட்டி பட்டது?"

"இருவது நாள் இருக்கும். செருப்புல என்னமோ குத்துச்சு. வலியே இல்லம்மா. அதான் சொல்லல."

வலியே இல்லை என்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. பாட்டிக்குப் பதினான்கு ஆண்டுகளாக இனிப்பு நீர். நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு பருவம் முழுவதும் உயிரணுப் பிரிவைப் பற்றிப் படித்தவள். வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் ஊற வைத்து, நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்து, நான்கு கட்டங்களையும் படம் வரைந்து நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஒரு காயம் ஆறுவது என்றால் உயிரணுக்கள் பிரிந்து பெருகி இடைவெளியை மூடுவது. இதை எழுதத் தெரிந்த எனக்கு, இந்தக் காயம் ஏன் மூடவில்லை என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்கு கிளினிக்குப் போவோம்" என்றேன். பாட்டி காலை இழுத்துக்கொண்டார். அவரோடு ஒரே லயத்தில் குடியிருந்த ஒருவர் இப்படித்தான் ஒரு சின்னப் புண்ணோடு போனாராம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "நான் போக மாட்டேன். எதிர்வீட்டு அத்தை கசாயம் சொல்லியிருக்கு, குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அடுப்பின் மேல் சிறு பாத்திரம் இருந்தது. உள்ளே கொதித்துக் கறுத்த இலைகள். எங்கள் வீட்டு வாசலில் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணிதான். அந்த இலையின் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பாட்டி எனக்கு நடத்திய பாடத்தைச் சொல்ல வேண்டும்.

மரத்தைத் தொடாமல் வெட்டு

பாட்டி முப்பத்தொரு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இன்று மாசாயைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகளும், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளும்தான் கண்ணில் படும். பாட்டியின் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ரப்பர் காடு. விடியுமுன் பெரட்டுக் களம், பிறகு நிரை, பிறகு காண்டா வாளி தூக்கிக்கொண்டு ஸ்டோர். வேலையை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த ஒரே தோட்டத்துப் பொருள் அவருடைய பால்வெட்டுக் கத்தி. அது இன்னும் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

அன்று இரவு கிளினிக்கைப் பற்றிய வாக்குவாதம் முடிந்த பிறகு, பாட்டி சமாதானமாகச் சொன்னார்: "மரத்துல தெனமும் வெட்டுறோம், ஆறிடுதுல்ல? மனுசனுக்கும் ஆறும். அவசரப்படாத."

"மரம் எப்படி ஆறும் பாட்டி?"

எழுந்து போய்க் கத்தியை எடுத்து வந்தார். மேசை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால்தான் பால் நன்றாக வரும். ஆனால் முழு ஆழம் போகக் கூடாது.

"பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல ஈரமா, வழுவழுன்னு ஒன்னு இருக்கும். அதைத் தொட்டுடக் கூடாது. அது இருந்தாத்தான் மறுபடியும் பட்டை வளரும். அதுல கத்தி பட்டுச்சுன்னா அந்த இடம் முண்டும் முடிச்சுமா வீங்கி வளரும். அப்புறம் எத்தனை வருசம் ஆனாலும் அதுல ஒழுங்கா வெட்ட முடியாது. மண்டோர் பார்த்தா ஏச்சு விழும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது என் பாடநூலில் உள்ள வளர்படையத்தை. கேம்பியம் என்று நாங்கள் படித்தது. மரத்தின் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போல இருக்கும் இந்த உயிரணுக்கள்தான் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பவை. உட்பக்கமாகப் பிரிந்து தருபவை மரக்கட்டையாகின்றன. வெளிப்பக்கமாகப் பிரிந்து தருபவை பட்டையாகின்றன. ரப்பர்ப் பால் ஓடும் குழாய்கள் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கின்றன, அதுவும் வளர்படையத்துக்கு அருகில்தான் அதிகம். ஆகவே வெட்டுபவர் அதை நெருங்கியும் போக வேண்டும், தொடாமலும் நிறுத்த வேண்டும். கத்திக்கும் அந்தப் படலத்துக்கும் இடையே விட வேண்டிய இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை பாட்டி அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியிருக்கிறார்.

இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1877-ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசில் காடுகளில் அப்போது மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்தியதில் வளர்படையமும் சிதைந்து மரம் பாழானது. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குத் தலைமை ஏற்ற ஹென்றி ரிட்லி, பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவித் திறந்தால் பால் தொடர்ந்து வரும், பட்டையும் திரும்ப வளரும் என்று செய்து காட்டினார். மலாயாவின் ரப்பர்ப் பொருளாதாரம் எழுந்தது அந்தச் சீவலின் மேல்தான். சீவிய கைகளில் பெரும்பாலானவை நம் தாத்தா பாட்டிகளின் கைகள்.

உயிரணுவுக்குள் ஒரு பெரட்டு

"அது எப்படி வளருது?" என்று இப்போது பாட்டி கேட்டார். என் முறை வந்தது.

உயிரணு எதுவும் வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஓர் உயிரணு இரண்டானால்தான் புதியது வரும். ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ இதை 1855-இல் அழுத்தமாகச் சொன்னார். அப்படி இரண்டாகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை வால்தர் ஃபிளெமிங் என்பவர் சாலமாண்டர் குஞ்சுகளின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். நூல் நூலாகத் தெரிந்ததால், நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1882-இல் மைட்டோசிஸ் என்று பெயர் வைத்தார். தமிழில் இழையுருப் பிரிவு என்பதும் அதே பொருள்தான்.

இதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது? தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'பெம்பஹாகியான் செல்' என்று படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறேன். மூன்று மொழியிலும் கலைச்சொல் இருக்கிறது. மூன்றும் பாட்டியிடம் செல்லாது. அதனால் அவருடைய தோட்டத்துச் சொற்களையே கடன் வாங்கினேன்.

ஒரு தோட்டத்தை அப்படியே இரண்டு தோட்டமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆபீசில் இருக்கும் செக்ரோல் புத்தகங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு பிரதி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் புதிய தோட்டத்தில் யாருக்கோ சம்பளம் இல்லை. மனித உயிரணுவில் அப்படி 46 புத்தகங்கள் இருக்கின்றன. அவைதாம் குரோமோசோம்கள். ரப்பர் மரத்தில் 36. ஒரே ஒரு மனித உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணு இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். பிரிவதற்கு முன் இந்த இரண்டு மீட்டரும் முதலிலிருந்து கடைசி வரை நகலெடுக்கப்படுகிறது.

நகல் முடிந்ததும் இழைகள் இறுகிச் சுருண்டு தடித்த கோல்களாகின்றன. ஒவ்வொன்றும் தன் நகலோடு ஒட்டிய இரட்டை. பிறகு அவை எல்லாம் உயிரணுவின் நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

"பெரட்டு மாதிரி" என்றார் பாட்டி.

பெரட்டேதான். உயிரணுவின் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய கயிறுகள் நீண்டு வந்து ஒவ்வோர் இரட்டையையும் இரு பக்கமும் பிடிக்கின்றன. 46 இரட்டைகளில் ஒன்று மட்டும் இன்னும் கயிற்றில் மாட்டவில்லை என்றாலும் எதுவும் நகராது. எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடியும் வரை கிராணி யாரையும் நிரைக்கு அனுப்பாதது போல. கடைசி ஆளும் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே ஒட்டு விடுபட்டு, ஒரு நகல் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் இழுக்கப்படுகிறது. உயிரணு நடுவில் இறுகிப் பிளக்கிறது. ஒன்று இரண்டாகிவிட்டது.

யார் பெயர் கூப்பிடுகிறார்? யார் போகலாம் என்கிறார்? இதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆனது. அமெரிக்காவின் லீலண்ட் ஹார்ட்வெல், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில் பிரிவைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைத் தேடினார். பிரிவு இடையில் நின்று சரிபார்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு என்ற கருத்தும் அவருடையது. பிரிட்டனின் பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் பிரிவைத் தொடக்கி வைக்கும் மரபணுவைக் கண்டார். அதே வேலையைச் செய்யும் மரபணு மனிதனிலும் இருப்பதை 1987-இல் காட்டினார். டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவுக்கும் முன் சேர்ந்து, பிரிந்ததும் அழிந்துபோகும் சைக்லின் என்ற புரதத்தைக் கண்டார். மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்டும் கடல் உயிரியும் மனிதனும் ஒரே சட்டத்தில் பிரிகின்றன என்பதுதான் அவர்கள் மூவரும் சேர்ந்து காட்டிய செய்தி.

ஏன் பிரிய வேண்டும்?

வளர்வதற்கு என்பது எல்லோரும் சொல்லும் விடை. ஒற்றைக் கருவணுவிலிருந்து நாம் வந்தது அப்படித்தான். இரண்டாவது விடை, தேய்ந்ததை ஈடுகட்ட. ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்தான் வாழ்கின்றன. அவற்றுக்கு ஈடாக நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் இரண்டு மில்லியன் புதிய அணுக்களை உண்டாக்குகிறது. குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தோலின் மேற்படலம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மாறிவிடுகிறது. நரம்பணுக்கள் மட்டும் பெரும்பாலும் பிரிவதே இல்லை. அவை போனால் போனதுதான்.

மூன்றாவது விடை, இனம் பெருக. இதற்கும் பாட்டியின் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. பூவிலிருந்து விதை உண்டாகும்போது நடப்பது வேறு வகைப் பிரிவு. அதில் 36 குரோமோசோம்கள் பாதியாகி 18 ஆகின்றன. தாய்ப் பாதியும் தந்தைப் பாதியும் சேர்ந்து புதுக் கலவை பிறக்கிறது. அதனால் நல்ல மரத்தின் விதையெல்லாம் நல்ல மரமாவதில்லை. நல்ல மரத்தை அப்படியே பெருக்க வேண்டும் என்றால் ஒட்டுக்கட்ட வேண்டும். நாற்றின் பட்டையைத் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே வைத்துக் கட்டுகிறார்கள். அங்கும் வேலை செய்வது அதே வழுவழுப்பான படலம்தான். அதன் உயிரணுக்கள் பிரிந்து இரண்டையும் ஒன்றாக இணைக்கின்றன.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் 1937-இல் செய்த ஒரு மகரந்தச் சேர்க்கையில் பிறந்தது. அதன் பெற்றோரில் ஒன்று பிராங் பெசார் தோட்டத்து மரம். அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தாய்லாந்து, இந்தியா என்று பல நாடுகளில் நட்ட இந்த ரக மரங்கள் எல்லாம், கிளை பிரிந்த மொட்டுகளின் வழியே, ஒரே ஒரு நாற்றின் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து வந்தவை. தோட்டம் போனது, தோட்டத்து மக்களும் இடம் மாறினார்கள். அந்த மரத்தின் உயிரணுக்கள் மட்டும் இன்னும் எங்கெங்கோ பிரிந்துகொண்டிருக்கின்றன.

புண்ணின் விளிம்பில்

இவ்வளவும் சொன்ன பிறகு பாட்டி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது ஏன் ஆற மாட்டேங்குது?"

தோலிலும் அடியில் ஒரு படலம் இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள்தாம் பிரிந்து மேலே தள்ளி நமக்குத் தோல் தருகின்றன. வெட்டுக்காயம் பட்டால் காயத்தின் விளிம்பில் உள்ளவை பிரிகின்றன. அதோடு நிற்காமல் ஊர்ந்து நடுப்பக்கம் நகர்ந்து வந்து சேர்கின்றன. பிறகு நிற்கின்றன.

இனிப்பு நீர் பல ஆண்டுகள் இருந்தால் பல இடங்களில் ஒரே நேரத்தில் தடை வருகிறது. காலின் நரம்புகள் மரத்துப்போகின்றன. அதனால் முள் குத்தினாலும் தெரிவதில்லை, குத்திய இடத்திலேயே மிதித்து மிதித்து நடக்கிறோம். ரத்தக் குழாய்கள் குறுகுவதால் பிரிய வேண்டிய அணுக்களுக்குப் பிராணவாயு போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் மந்தமாகின்றன. நாள்பட்ட புண்களின் விளிம்பில் இன்னொரு வினோதமும் நடக்கும். அங்கே அணுக்கள் பிரியாமல் இருப்பதில்லை. பிரிந்து, அதே இடத்தில் குவிந்து தடிக்கின்றன. குறுக்கே நகர்ந்து புண்ணை மூடுவதுதான் நடப்பதில்லை.

நான் பாட்டியின் புண்ணைச் சுற்றியிருந்த வெள்ளைத் தடிப்பைக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"முண்டு விழுந்துருக்கு" என்றார்.

ஆமாம் என்றேன். மரத்தில் முண்டு விழுந்தது அங்கே வளர்ச்சி இல்லாததால் அல்ல, ஒழுங்கு கெட்டதால். உயிரணு பிரிவது பெரிய காரியமல்ல, சரியான இடத்தில் பிரிந்து சரியான நேரத்தில் நிற்பதுதான் பெரிய காரியம் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. புற்றுநோய் என்பதும், நில் என்ற கட்டளை எட்டாமல் பிரிந்துகொண்டே போகும் உயிரணுக்கள்தாம்.

வாசலில் பூத்த மருந்து

இப்போது நித்திய கல்யாணிக்கு வருவோம். இந்த இலை சர்க்கரையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமல்ல, ஜமைக்கா போன்ற நாடுகளிலும் இருந்தது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகள் கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளரின் கைக்குக் கிடைத்தன. அவர் எதிர்பார்த்தபடி எலிகளின் சர்க்கரை குறையவில்லை. குறைந்தது வெள்ளை அணுக்கள். காரணம், மஜ்ஜையில் அணுக்கள் பிரிவதை அந்தச் சாறு தடுத்தது. சார்லஸ் பீர் என்பவரோடு சேர்ந்து 1958-இல் அவர் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் கிடைத்தது. இரண்டும் செய்வது ஒரே வேலை. பெரட்டில் நிற்கும் குரோமோசோம்களை இழுக்கும் அந்தக் கயிறுகளை முறுக்க விடாமல் செய்வது. கயிறு இல்லாவிட்டால் பிரிவு அந்தரத்தில் நிற்கும், உயிரணு மடியும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. மருத்துவமனையில் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நேராக ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றுகிறார்கள்.

எங்கள் அடுப்பில் கொதித்த இலையில் அந்தப் பொருள் எவ்வளவு இறங்கியது? சமையலறையில் அதை அளக்க வழியில்லை. ஆனால் உயிரணுக்கள் பிரிந்தே ஆக வேண்டிய ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, பிரிவை நிறுத்தும் பொருள் உள்ள செடியைக் காய்ச்சிக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்வீட்டு அத்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் அன்பில் சொன்னார். செடியில் மருந்து இருப்பதும் உண்மை. அது எந்த நோய்க்கு, எந்த அளவில் என்பதுதான் வேறு.

பாட்டி பாத்திரத்தை எடுத்துப் போய்த் தானே கழுவுதொட்டியில் ஊற்றினார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். "வெட்டச் சொன்னா வந்துடுவேன்" என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

யாரும் வெட்டச் சொல்லவில்லை. எலும்பு வரை போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். மிஸ்ஸி சிறு கத்தியால் புண்ணைச் சுற்றியிருந்த தடித்த தோலை மெல்ல மெல்லச் சீவி எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாட்டி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் தமிழில் சொன்னார்: "நல்ல கை இந்தப் பொண்ணுக்கு. மரத்தைத் தொடாம வெட்டுது."

மிஸ்ஸி என்னவென்று கேட்டார். நான் மலாயில் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, தன் தாத்தாவும் பால் வெட்டியவர்தான் என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது வாரங்கள் ஆகிவிட்டன. கட்டு மாற்றுவதற்குத் தம்பி வாரம் இரு முறை அழைத்துப் போகிறான். காலில் பாரம் போடக் கூடாது என்பதுதான் பாட்டிக்குப் பெரிய தண்டனை. சர்க்கரை மருந்தை மாற்றியிருக்கிறார்கள். ஐம்பது சென் அளவில் இருந்த புண் இப்போது ஐந்து சென் காசைவிடச் சிறிதாகிவிட்டது. முழுதாக மூடவில்லை. சென்ற வாரம் அலைபேசியில் படம் அனுப்பியிருந்தார்கள். விளிம்பில் வெளிர் சிவப்பாக மெல்லிய புதுத்தோல் உள்நோக்கி வந்திருந்தது. அதில் ஒவ்வோர் அணுவும் 46 புத்தகங்களையும் நகலெடுத்து, பெரட்டில் நின்று, பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகு வந்தது.

நண்பர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நம் சமூகத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு அரிது. இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களைத் தூக்கிப் பாருங்கள், விரல் இடுக்கு வரை. வலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புண் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்து, அவர்கள் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு உயிரியல் தெரியும், பாட்டிக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "நான் என்னாம்மா படிச்சேன்" என்று பாட்டியும் அப்படித்தான் நினைத்திருந்தார். அடுத்த பருவம் எங்களுக்குத் தாவரத் திசுக்கள் பற்றிய பாடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அந்தப் பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுபோகலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன். பாட்டியிடமும் கேட்டேன்.

"கொண்டு போ. ஆனா சாணை பிடிக்காம வெட்டாத, மரம் பாவம்" என்றார்.